மீன் பிழைத்துவிட்டது

செருப்பைக் கழற்றும்போதே கடல்மீன் தொட்டி சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே எப்போதும் அசைந்துகொண்டிருக்கும் எதுவும் அசையவில்லை.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. உடன் இருக்கப் போனவள் இப்போதுதான் திரும்பியிருந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே தொட்டிக் கண்ணாடி முன் மண்டியிட்டாள்.

சுத்தியல் பவளம் முழுக்கச் சுருங்கியிருந்தது. அதன் பச்சை விரல்கள் ஒவ்வொன்றின் நுனியும் சின்னச் சுத்தியல் மாதிரி இருக்கும். பகல் முழுக்க நீரோட்டத்தில் ஆடும். ஒற்றைக் கிளையாக வாங்கி வந்து ஆறு வருடத்தில் ஒன்பது கிளையாக்கியிருந்தாள். இப்போது வெள்ளை எலும்புதான் தெரிந்தது. அவள் வேலை பல் கட்டும் கூடத்தில். ஈறு இறங்கிய பல் எப்படி இருக்கும் என்று தெரியும். அப்படி இருந்தது.

"வந்துட்டியா? அத்தை எப்படி இருக்காங்க?" கணவன் டீயுடன் வந்தான்.

"தொட்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. நீ சொன்ன மாதிரி, ஆவியாகிக் குறைஞ்ச அளவுக்கு வெறும் தண்ணிதான் ஊத்தினேன். உப்புத் தண்ணி ஊத்தல. சரிதானே?"

"வேற ஏதாவது போட்டீங்களா?"

"தீனி."

"வேற?"

"வேற என்ன? தாளிச்சா கொட்டினேன்?"

நம்பினாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஒரு திருகாணியைக்கூட எண்ணி வைத்துவிட்டு வருகிறவன். பொய் சொல்லும் பழக்கம் இல்லை.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தண்ணீரைச் சோதித்தாள். உப்பு சரி. சூடு சரி. காரத்தன்மை மட்டும் கொஞ்சம் குறைவு. அதுதான் காரணம் என்று முடிவு செய்தாள். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஏற்றினாள். விளக்கைக் குறைத்தாள். கால்வாசித் தண்ணீரை மாற்றினாள். எல்லாம் ஒழுங்கான வைத்தியம், வேறு ஏதோ நோய்க்கு. சாயங்காலம் மான்கொம்புப் பவளத்தின் தோல் நனைந்த காகிதம் போல உரிந்து மிதந்தது.

கணவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தான். "முதல்ல நீ சாப்பிடு" என்றான்.

மறுநாள் காலையில் நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்தாள். விழுந்தது. இறால் எங்கே என்று தேடினாள். பாறை இடுக்கில் அதன் ஓடு மட்டும் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் மஞ்சள் மீன் மினுமினுப்பாக வளையவந்தது. அவள் போகும்போது இருந்ததைவிடத் தெம்பாக.

நத்தையைக் கொல்லும். இறாலைக் கொல்லும். பவளத்தைக் கொல்லும். மீனுக்கு மட்டும் நல்லது செய்யும். அப்படி ஒன்றுதான் உண்டு.

"செம்பு மருந்து ஊத்தினீங்களா?"

கணவனின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"தம்பிதான் கொடுத்தான்."

அவள் எழுந்து நின்றாள்.

"மீன் மேல வெள்ளை வெள்ளையாப் புள்ளி. கல்லுல போய் உரசிக்கிட்டுத் துடிச்சுது. பார்த்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்றேன்."

"நீ ஆஸ்பத்திரியில இருந்தே. எதுக்குத் தொந்தரவுன்னு..."

"நேத்து நான் ஆஸ்பத்திரியிலயா இருந்தேன்? உள்ள வந்ததும் உங்களைத்தானே கேட்டேன்? நாள் முழுக்க இங்க முட்டி தேய உக்காந்திருந்தேனே, அப்ப வாய்க்குப் பூட்டா?"

"அவன்தான் சொல்ல வேணாம்னான். தானா தெளிஞ்சிடும், அண்ணிக்குத் தெரியவே வேணாம்னான்."

"நேத்து காலையில சொல்லியிருந்தா பாதி பிழைச்சிருக்கும்."

அவன் டம்ளரை வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டான்.

கொழுந்தன் வந்தான். நல்ல தண்ணீர் மீன் விற்கும் கடை அவனுடையது. பலகையில் 'மீன் டாக்டர்' என்று தானே எழுதி வைத்துக்கொண்டவன்.

"என்ன அண்ணி, காலையிலயே வாரண்டா? மீனைப் பாருங்க. தங்கக்கட்டி மாதிரி ஓடுது."

"நத்தையைப் பாருங்க."

"நத்தை போனாப் போகுது. கடையில அள்ளிக்கிட்டுப் போங்க."

"பவளம்?"

"அது கல்லுதானே அண்ணி?"

"கல்லு இல்ல. செடியும் இல்ல. வாய் இருக்கு, வயிறு இருக்கு, பசிச்சா சாப்பிடுது. மீன் மாதிரி ஓடிக் காட்டாது, அவ்வளவுதான். ஓடினாத்தான் உயிரா? நோய் வந்தா மீனைத் தனி வாளியில எடுத்து மருந்து போடணும். இது டாக்டருக்குத் தெரியாதா?"

"நான் நல்ல தண்ணி டாக்டர் அண்ணி. உப்புத் தண்ணி என் டிபார்ட்மெண்ட் இல்ல."

கொழுந்தன் சிரித்தான். கணவனும் சிரித்தான். பாதிதான் சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். அந்தப் பாதிச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பேச்சை விட்டாள். ஒரு வாளியில் புது உப்புத் தண்ணீர் கலந்தாள். பல் கட்டும் கூடத்திலிருந்து பல் அறுக்கும் சின்னச் சக்கரத்தை எடுத்து வந்தாள். பாறை செம்பைக் குடித்திருக்கும், பவளத்தைப் பாறையோடு எடுத்துப் பயனில்லை. உயிர் ஒட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அறுத்தாள். மான்கொம்பு முழுக்கப் போய்விட்டது. மூளைப் பவளத்தில் ஒரு ஓரம் மிச்சம். சுத்தியலில் நான்கு கிளைகளில் சதை இருந்தது. மற்ற ஐந்தும் கையில் எடுத்தபோதே நாறின.

கணவன் வாளியைத் தூக்கினான்.

"வைங்க."

"கனமா இருக்கு, நான்..."

"வைங்கன்னேன்."

வாளியை அவளே பல் கட்டும் கூடத்துக்குத் தூக்கிப் போனாள், அங்கே சுத்திகரித்த தண்ணீர் உண்டு. கூடத்து முதலாளியம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "பின்னறையில வச்சுக்க. பல் அச்சு மாவுத் தூசி விழாமப் பாத்துக்க. யாரையாவது கடிக்குமா?" என்றாள். "கடிக்க வேண்டியவங்களைக் கடிக்கல" என்றாள் அவள். பெரிய டப்பாவில் ஹீட்டரும் சின்ன மோட்டாரும் போட்டு, மேசை விளக்கை மாற்றி மாட்டினாள்.

அதன்பின் வீட்டில் பேச்சு சமையலறை அளவுக்குச் சுருங்கியது. சோறு இருக்கு. கேஸ் தீர்ந்துபோச்சு. ஒருநாள் கணவன், "ஒரு கல்லுக்காக மனுஷன்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறதா?" என்றான். அவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். தினமும் வேலைக்கு முந்திப் போய் டப்பாத் தண்ணீரை மாற்றினாள். நான்கில் ஒரு கிளை கரைந்தது. மூன்று இருந்தன. விரல் நீட்டவில்லை, ஆனால் இருந்தன.

ஒரு மாலை வீடு திரும்பியபோது அண்ணனும் தம்பியும் தொட்டி முன் தோளோடு தோள் நின்றார்கள். இருவர் முகத்திலும் பொங்கி வழியும் சிரிப்பு.

"கண்ணை மூடுங்க அண்ணி."

மூடவில்லை. தொட்டித் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தது. உள்ளே ஊதா நிறச் சுத்தியல் பவளம். மூன்று கிளைகள். கொழுந்தன் கையில் கத்தரிக்கோல்.

"அசல் கடல் சரக்கு. அண்ணன் அலைஞ்சு திரிஞ்சு வாங்கினான். தண்ணிச் சூடு பழகட்டும்னு மிதக்க விட்டிருக்கோம். பாத்தீங்களா, கத்துக்கிட்டோம்." பையின் முடிச்சுக்குக் கீழே கத்தரிக்கோலை வைத்தான்.

"வெட்டாதே!"

அவள் அவனிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல்முறை. அவன் கை நின்றது.

"அந்தத் தண்ணியில இன்னும் செம்பு இருக்கு."

"அதான் பாதித் தண்ணியை மாத்திட்டோமே" என்றான் கணவன்.

"கல்லுல இருக்கு. மணல்ல இருக்கு. நீங்க மாத்த மாத்த அது கொஞ்சம் கொஞ்சமாக் கக்கிக்கிட்டே இருக்கும். இந்தத் தொட்டியில இனிமே மீன்தான் வாழும்."

"இதை நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே?"

 மஞ்சள் மீன் வந்து பையை முட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அவள் பையை வெளியே எடுத்தாள். புடவைத் தலைப்பால் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. சொட்டுக்கூட உள்ளே போகவில்லை.

"எங்க போறே?" என்றான் கணவன்.

"கூடத்துக்கு."

"இப்பத்தானே வந்தே?"

"பையில இருக்கிற காத்து ரொம்ப நேரம் தாங்காது."

"நானும் வரட்டுமா?"

"வேணாம். உங்க மீன் தனியா இருக்கும்."

கதவை அறைந்து சாத்தவேண்டும் போலிருந்தது. இரண்டு கைகளும் பையைத் தாங்கியிருந்தன.