மொட்டை மாடியில் எட்டு

எங்கள் ஊரில் ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவர் எந்த வழியில் நடந்து பழகினாரோ, ஆபரேஷனுக்குப் பின்னால் அந்த வழியாகத்தான் திரும்பி வருவார். மயக்க மருந்து ஏறியதும் உடம்பை மேஜையில் விட்டுவிட்டு ஆள் கிளம்பிவிடுவார். தையல் போட்டு முடித்ததும் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பார். வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கும்.

அதனால் தேதி குறித்த நாளிலிருந்து எல்லாரும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடப்பார்கள். ஒழுங்காக நடந்தவர்கள் மறுநாளே எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார்கள். கால் வலிக்கிறது என்று பாதியில் ஆட்டோ பிடித்தவர்கள், பிடித்த இடத்திலேயே நிற்கிறார்கள். வீட்டு ஆட்கள் அங்கேயே தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோகிறார்கள்.

என் வீட்டுக்காரர் அரியநாயகத்துக்கு வயிற்றில் கட்டி. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் நடந்தால் பழைய மாணவர்கள் நிறுத்தி, "என்ன சார், உடம்புக்கு?" என்று கேட்பார்களாம். மானம் போய்விடுமாம். வறட்டு கௌரவத்துக்குப் பரிசு வைத்தால் எங்கள் ஊரில் வேறு யாரும் போட்டிக்கே வர முடியாது. மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிதாக ஓர் எட்டு வரைந்தார். காலையும் மாலையும் லிஃப்டில் ஏறுவார், எட்டின்மேல் நடப்பார், லிஃப்டில் இறங்குவார்.

"நடக்கணும்னுதான சொன்னாங்க? எங்கன்னு சொன்னாங்களா?" என்பார். எதிர்த்துப் பேசினால் அதையும் நிறுத்திவிடுவார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார்கள். கண் மட்டும் திறக்கவில்லை.

"நடந்தாரா இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு நாள் விடாம நடந்தாரு டாக்டர்."

"அப்ப வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து வைங்க. வந்துருவாரு."

திறந்து வைத்துக் காத்திருந்தேன். எங்கள் வீடு கடைசித் தளம். தலைக்கு மேலே செருப்புச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆள் தெரியவில்லை. சத்தம் மட்டும் எட்டின்மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

"அய்யோ, கீழ இறங்கி வாங்களேன்!"

"ஏன் கோமு கத்துத? வந்துட்டேம்லா. அந்தத் திருப்பம் தாண்டுனா வீடுதான்."

திருப்பத்தைத் தாண்டினால் இன்னொரு திருப்பம். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"லிஃப்ட்ல இறங்குனது கணக்குல சேராதும்மா. அந்தக் கோட்டை அழிச்சுக் கிழிச்சு வச்சுராதீங்க, பாதை போனா ஆளும் போயிருவாரு. உடம்பு வெறுமனே ரொம்ப நாள் தாங்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படியாவது வரவைங்க."

அவரால் வாசலுக்கு வர முடியாவிட்டால் வாசல்தான் அவரிடம் போக வேண்டும். இசக்கி ஆசாரி வந்து கதவை நிலையோடு பெயர்த்தார். லிஃப்டில் நுழையவில்லை. படி வழியாகத் தூக்கிக்கொண்டுபோய், எட்டின் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தினோம்.

"வாசல் எந்தப் பக்கம் பாக்கணும்மா?"

"இது என்ன கேள்வி? கிழக்கதான் பாக்கணும். மாத்தி வச்சா சார் வந்து வைவாரு."

ஆசாரி செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கதவுக்குக் கிழக்கே நின்றேன். செருப்புச் சத்தம் மேற்கிலிருந்து வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. தாழ்ப்பாளும் அந்தப் பக்கம்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. அவர் வீட்டுக்குள்ளே இருந்தார். வாசலில் நின்றது நான்.

தாழ்ப்பாள் விலகி, கதவு திறந்தது. இப்போது அவரைப் பார்க்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பச்சை அங்கியோடு நின்றார். நடந்து நடந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வா கோமு, வா. எவ்வளவு நேரமா உன்னத் தேடுதேன். ஏன் வாசல்லயே நிக்க?"

அவர் கையைப் பிடித்தால் போதும் என்றிருந்தது. வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன்.

கண் திறந்தது. வயிற்றில் தையல் சுரீரென்று இழுத்தது. "சார் முழிச்சுட்டாரு!" என்று நர்ஸ் ஓடினாள். டாக்டரம்மா வந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் நீங்க நடந்த நடைதான் சார். நாளைக்கே மெதுவா நடக்க ஆரம்பிச்சுருங்க. உங்க வீட்டம்மா எங்க, காணோம்?"

"மாடியில இருக்கா. அவரக் கூட்டிட்டு வரப் போனா," என்றேன். கரகரவென்று அவர் குரல்தான் வந்தது.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் நாலு பேர் முன்னால் அழுகிற ஆளில்லை என்பதால் அடக்கிக்கொண்டேன். தாடையைத் தடவிப் பார்த்தேன். சவரம் செய்ய வேண்டியிருந்தது.