மேனேஜரைக் கட்டிப்போட்ட நாள்

மருத்துவமனையிலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது. தம்பிக்கு மதியம் ஆபரேஷன். சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும் என்றாள் நர்ஸ்.

"இதோ கிளம்பிட்டேம்மா" என்றாள் தையற்காரி. போனை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். அங்கே நாய் நின்றுகொண்டு அவளையே பார்த்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கென்று இருப்பது அந்த ஒரே தம்பிதான். லாரி ஓட்டுகிறவன். கல்யாணப் பேச்சு எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விடுவான். அக்காளும் தம்பியுமாகவே காலம் ஓடிவிட்டது. போன வாரம் லாரி கவிழ்ந்து இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்துவிட்டான். நாய் அவன் வளர்த்தது. ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோர் மேலும் எரிந்து விழுகிறது என்று அதற்கு மேனேஜர் எனப் பெயர் வைத்தான். பெயருக்குத் தகுந்த மரியாதையும் கொடுத்தான். வீட்டுக்குள் நுழையும்போதே, "மேனேஜர் சாப்ட்டாரா? இன்னைக்கு யார் மேல கோவம்?" என்றுதான் கேட்பான்.

அவன் வராமல் போன நாளிலிருந்து மேனேஜர் நெடுஞ்சாலைக்கு ஓடத் தொடங்கியது. லாரி வழக்கமாகத் திரும்பும் முனைக்குப் போய் நடுச்சாலையில் நிற்கும். ஒரு தடவை பஸ் ஒன்று அதன் மூக்குக்கு நேரே கிறீச்சிட்டு நின்றது. வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே குதித்தது, வாயெல்லாம் ரத்தம். சங்கிலி வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் கட்டினாள். அது பக்கத்திலிருந்த மதில் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தது. சங்கிலி போதவில்லை. நல்லவேளையாகப் பின்னங்கால் விரல்கள் மட்டும் தரையைத் தொட்டன. இல்லாவிட்டால் தூக்கில் தொங்கியிருக்கும். அவள் தெருவைச் சுற்றி ஓடிப்போய்த் தூக்கிப் பிடித்து இறக்கினாள்.

நேற்று தம்பி போனில் கேட்டது இதுதான்: "அக்கா, அவரு ரோட்டுல போய் அடிபட்டுடக் கூடாது. நான் எந்திரிச்சு வர்றப்ப அவரு இருக்கணும். இருப்பாருல்ல?"

"இருப்பாருடா. நீ பேசாம படு" என்றாள். சொல்லிவிட்டாள். சொன்னதைக் காப்பாற்ற வழிதான் தெரியவில்லை.

இன்று மதில் எட்டாத இடமாகப் பார்த்தாள். வாசலின் நடுவில் ஒரு மரம் இருந்தது. சங்கிலியை அடிமரத்தில் சுற்றிப் பூட்டுப் போட்டாள். இங்கே என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது? "சாமி, சாயங்காலம் வரைக்கும் இவனைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்ற உள்ளே போனாள்.

குரைப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு திடீரென்று நின்றது. கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடிவந்தாள்.

மேனேஜர் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் சங்கிலி மரத்தில் இறுகி, இப்போது கழுத்து அடிமரத்தோடு ஒட்டிக் கிடந்தது. கண் பிதுங்க, நாக்கு வெளியே தள்ள, முன்கால்கள் மண்ணைப் பறித்தன. அவளைப் பார்த்ததும் அவள் பக்கம் வர முயன்றது. வர வர இன்னும் இறுகியது. சாவியை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். பூட்டு சங்கிலிச் சுற்றுக்குள் புதைந்து கிடந்தது. கழுத்துப் பட்டையைக் கழற்றக் கையை நீட்டியபோது மூச்சுக்குத் தவித்த அந்த உயிர், யாரென்றும் பாராமல் அவள் கையைக் கவ்விவிட்டது.

"ஐயோ, நான்டா! நான்தான்டா!" என்று அலறினாள்.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் கேன்காரர் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். அவர் ஒருநாளும் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. முதல்முறை வந்தபோது மேனேஜர் அவர் கால்சட்டையின் பின்பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து கேனைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, "டெய்லரம்மா, உங்க மேனேஜருக்கு என் வணக்கம் சொல்லுங்க" என்று கத்திவிட்டுப் போவார். அந்தக் குரல் கேட்டாலே மேனேஜருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும்.

இன்று அவர் வணக்கம் சொல்லவில்லை. ஒரு காலி கேனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்.

"டெய்லரம்மா, நீங்க தள்ளிப் போங்க. நீங்க கூப்பிட்டா அவரு தப்பான பக்கமா வர்றாரு."

"தம்பி, கிட்ட போகாதீங்க. என்னையே கடிச்சிட்டான்."

"என்னைக் கடிக்கணும்னுதான் அவருக்கு ரொம்ப நாளா ஆசை. இன்னைக்கு அதுதான் நமக்கு வேணும்."

மரத்தின் பின்பக்கமாக, நாய் சுற்றி வந்ததற்கு எதிர்த்திசையில் போய் நின்றார். "மேனேஜர் சார்! இங்க பாருங்க, யாரு வந்திருக்கேன்னு!"

மேனேஜரின் பிதுங்கிய கண் திரும்பியது. தொண்டையிலிருந்து ஓர் உறுமல், காற்றே இல்லாத உறுமல், கிளம்பியது. அவரைப் பிடிக்க அது எதிர்ப்பக்கம் திரும்பிப் பாய்ந்தது. ஒரு சுற்றுக் குறைந்தது. மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

அவர் பின்னால் நகர்ந்தபடியே மரத்தைச் சுற்றினார். நாய் அவரைத் துரத்திச் சுற்றியது. இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் சங்கிலி நீண்டது. மேனேஜரின் பல் அவருக்கு இன்னும் நெருக்கமாக வந்தது. அவர் கேனைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டார். பல் பிளாஸ்டிக்கில் பட்டுக் கரகரத்தது. அவருக்கும் பயம்தான், குரல் அதைக் காட்டிக்கொடுத்தது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. கடைசிச் சுற்றில் கேன் கையை விட்டுப் போய்விட்டது. ஒரே தாவலாகத் தாவி மண்ணில் போய் விழுந்தார். சங்கிலி முழு நீளத்துக்கு இழுபட்டு, அவர் செருப்புக்கு ஒரு சாண் தூரத்தில் நாயை நிறுத்தியது.

மேனேஜர் அங்கேயே படுத்து இருமியது. தையற்காரி தண்ணீர்ச் சட்டியை அதன் வாயருகே தள்ளிவிட்டு, தானும் மண்ணில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"இனிமே கட்ட மாட்டேன். கட்டினாலும் சாவறான், விட்டாலும் சாவறான். அங்க ஒருத்தன் கத்திக்கு முன்னாடி படுத்துக்கிட்டு அக்கா அக்கான்னு தேடிட்டிருப்பான். நான் ரெண்டு பேருல யாரை விடறது? சொல்லுங்க, யாரை விடறது?"

கேன்காரர் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், கடிபட்ட கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல்ல ஊசி போட்டுக்கங்க" என்றார். துன்பத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டாலும் காயத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். கடவுள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்வார்.

கையைக் கழுவும்போது அவள் கண்ணில் தாழ்வாரக் கொடி பட்டது. தைத்து முடித்த சட்டைகள் ஹேங்கரில் தொங்கின. காற்றுக்கு ஒரு ஹேங்கர் கொடிக்கம்பியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நழுவிப் போனது. எதையும் சுற்றிக்கொள்ளவில்லை; எங்கேயும் சிக்கவில்லை.

"தம்பி" என்றாள். "நாயைக் கொடியில மாட்டினா என்ன?"

"துணி மாதிரியா?"

"ஹேங்கர் மாதிரி. மேல ஒரு கம்பி. அதுல ஒரு வளையம். வளையத்துலேர்ந்து சங்கிலி. அவன் ஓடினா வளையமும் கூட ஓடும்."

லாரிச் சரக்கைக் கட்டும் இரும்புக் கயிறு தம்பியின் கொட்டகையில் கிடந்தது. மேனேஜரைத் தாழ்வாரத் தூணில் குட்டையாகக் கட்டிவிட்டு, மரத்துக்கும் கேட்டுத் தூணுக்கும் இடையே, ஆள் தலைக்கு மேலே அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். கேன்காரர் வளையத்தைக் கோர்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "முடிஞ்சது!"

"எங்க முடிஞ்சது? வளையம் மரம் வரைக்கும் போகுது. மறுபடியும் மரத்தைச் சுத்துவான். அந்தப் பக்கம் மதிலுக்குத் தாவுவான்." அவள் மரத்துக்கும் மதிலுக்கும் சங்கிலி எட்டாத தூரம் பார்த்து, கம்பியின் இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு முடுக்கச் சொன்னாள். வளையம் அதைத் தாண்டாது.

சங்கிலி நுனியில் தானாகச் சுழலும் கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சுழலாவிட்டால் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெயை விட்டு விரலால் திருப்பித் திருப்பி அதை இளக்கினாள். மேனேஜரின் பழைய பட்டை ஒல்லியானது. கழுத்தில் கோடு போட்டுவிட்டது. லாரியின் பழைய சீட் பெல்ட் துண்டை எடுத்தாள். உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்து மிஷினில் நான்கு வரி ஓட்டினாள். கடிபட்ட கையாலேயே ஓட்டினாள். மாட்டிவிட்டு, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். மேனேஜர் இந்த முறை பல்லைக் காட்டவில்லை. அவள் கைக்காயத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவள் சங்கிலியை வளையத்தில் மாட்டி நாயைப் பிடித்துக்கொள்ள, அது எட்டும் நிழலில் கனத்த சட்டியில் தண்ணீர் வைத்து, கவிழாமல் சுற்றிச் செங்கல் அடுக்கினார் கேன்காரர்.

"தாங்குமா?" என்றாள் அவள்.

"பாத்துடலாம்." வாசலின் ஒரு மூலையில் போய் நின்று, "மேனேஜர் சார், சம்பளம் எப்ப ஏத்துவீங்க?" என்றார்.

மேனேஜர் பாய்ந்தது. வளையம் கம்பியில் சலசலவென்று ஓடி கிளாம்பில் முட்டி நின்றது. அடுத்த மூலை. அதற்கடுத்த மூலை. மரம் எட்டவில்லை, மதில் எட்டவில்லை. கம்பி அதிர்ந்தது, அறுந்துபோகவில்லை. களைத்துப்போன மேனேஜர் நிழலில் படுத்தது. படுக்கவும் சங்கிலி போதுமானதாக இருந்தது.

"ஆனா, ஆளில்லாம விட்டுட்டு எப்படிப் போறது?" என்றாள் தையற்காரி. கண்ணில் மறுபடியும் நீர் முட்டியது.

"நான் இருக்கேன், கேட்டுக்கு வெளிய."

"உங்க முதலாளி கேட்டா?"

"மேனேஜர் கூட மீட்டிங்னு சொல்றேன். போங்க டெய்லரம்மா, பஸ் போயிடும்."

மருத்துவமனைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தம்பியை வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் தன் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை.

"இருக்காரா?"

"இருக்காரு. நல்லா கட்டியிருக்கேன். ஓடலாம், படுக்கலாம், தண்ணி குடிக்கலாம்."

"யாரு பாத்துக்கறது?"

"தண்ணி கேன்காரர்."

"அவரா!" தம்பிக்குச் சிரிப்பு வந்தது. வலி அதைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டது. "அவரு பேண்டைக் கிழிச்சதே இவருதானே அக்கா..."

"பேசாதீங்க" என்றாள் நர்ஸ். வண்டி உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

தையற்காரி கையில் ஊசி போட்டுக்கொண்டு வந்து, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "ஆண்டவனே" என்றாள். மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. கேன்காரர்.

"டெய்லரம்மா, தம்பி எப்படி?"

"உள்ள கொண்டு போயிட்டாங்க. ஒண்ணும் தெரியல. எனக்கு பயமா இருக்குங்க."

அவர், "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. போனை கேட் பக்கம் வைக்கிறேன்" என்றார்.

குரைப்பு கேட்டது. கோபமான, முழு மூச்சோடு வந்த குரைப்பு. இடையிடையே கம்பியில் வளையம் ஓடும் சத்தம். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வைத்துவிடவா என்று அவர் கேட்கவில்லை. அவளும் வைக்கவில்லை.