மூன்றாம் வரிசையில் பிளசி

என் மனைவி பிளசி இறந்த பிறகும் சபையில் மூன்றாம் வரிசையில்தான் இருந்தாள். சவப்பெட்டியை நாற்காலிகள் மேல் குறுக்காக வைத்திருந்தார்கள். காணிக்கைப் பை வரும்போது அவளைத் தாண்டிக் கொடுத்துவிடுவார்கள்.

அடக்கம் செய்ய முடியவில்லை. காரணம் அவள் சொன்ன சாட்சி.

எங்கள் சபையில் சுகம் கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாகச் சாட்சி சொல்ல வேண்டும். அதுதான் விசுவாசம். பிளசி ஒரு வெள்ளிக்கிழமை மைக்கைப் பிடித்து, மனச்சோர்விலிருந்து விடுதலை ஆகிவிட்டேன் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். பாஸ்டர் ஞானதுரை மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டார். அது இப்போது அவருடைய வேதாகமத்தில் பக்க அடையாளமாக இருக்கிறது. அந்த மாதமே பிளசி இறந்தாள்.

பாஸ்டர் ஒவ்வொரு அல்லேலூயாவுக்கும் ஒரு விரற்கடை வளர்வார். அடக்கம் பற்றி நான் கேட்கப் போன அன்று அவர் தலை கூரைத் தகரத்தைத் தொட்டிருந்தது. அண்ணாந்து பேசினேன்.

"அவ செத்துட்டா பாஸ்டர்."

"அப்படி அறிக்கை பண்ணாதீங்க பிரதர். சுகமானவங்க எப்படிச் சாவாங்க?"

"மூச்சு இல்ல."

"அமைதியா ஆராதிக்காங்க."

மூப்பர் ஜெயசிங்கிடம் கேட்டேன். அவர் போன கோடையில் பெடஸ்டல் ஃபேன் ஆகிவிட்டார். எதைக் கேட்டாலும் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார். காற்று நன்றாக வந்தது.

பிளசியிடம் திரும்பி நடந்தேன். நடக்க நடக்க நடைபாதை நீண்டது. வழியில் இரண்டு சகோதரிகள் உட்கார்ந்திருந்தார்கள். "ஜெபம் பத்தல," என்றார் ஒருவர். "மூஞ்சியச் சிரிச்சாப்ல வையுங்க தம்பி," என்றார் மற்றவர். வெகுநேரம் நடந்தபின் அதே இருவர் மறுபடி வந்தார்கள். அதையே சொன்னார்கள். பாஸ்டரிடமே திரும்பிவிட்டேன். அந்தப் பக்கம் தூரம் குறைவு.

"பிளசியோட வியாதி என்ன ஆச்சு பாஸ்டர்?"

"செத்துப்போச்சு. ஸ்தோத்திரம்."

"அத அடக்கம் பண்ணலாமா?"

அவர் யோசித்தார். கூடாது என்று எங்கும் எழுதியில்லை.

"எவ்வளவு நீளம் இருக்கும்?"

"பிளசி நீளம்."

"கனமா?"

"ரொம்ப இல்ல. கடைசில சாப்பிடவே இல்ல."

"எங்க கிடக்கு?"

"மூணாவது வரிசைல."

"அத ஏன் ஆலயத்துல வச்சிருக்கீங்க? தூக்குங்க முதல்ல."

உடனே தூக்கினார்கள். வழியெல்லாம் கஞ்சிரா தட்டினார்கள். பிசாசு தோற்றுவிட்டான் என்று பாஸ்டர் குழிக்கு மேலே நின்று பிரசங்கித்தார். இன்னும் கொஞ்சம் வளர்ந்தார். எல்லோரும் சந்தோஷமாக மண் போட்டார்கள். நானும் போட்டேன்.

சிலுவையில் கறுப்புப் பெயின்ட்டால் 'மனச்சோர்வு' என்று எழுதினார்கள். கீழே பிளசி பெயரையும் எழுதச் சொன்னேன்.

"உயிரோட இருக்கவங்க பேரையா?" என்றார் பாஸ்டர். "அடுத்த ஞாயிறு சிஸ்டர் பாட வரட்டும்."

"சொல்றேன்," என்றேன்.

மூஞ்சியைச் சிரித்தாற்போல் வைக்கச் சொன்ன சகோதரி கைதட்டிக்கொண்டே என் அருகில் வந்தார். அவர் பெயர் ரோஸ்லெட். அவர் மகள் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவள். சாட்சி சொல்லி, வேலையை விட்டு, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

"தம்பி, எங்க வீட்லயும் ஒண்ணு கிடக்கு," என்றார். "ஆனா மூச்சு விடுது."

அவர் பக்கம் திரும்பினேன்.

"பிளசியப் பாத்த டாக்டர் யாரு?"

சொன்னேன். கைதட்டலில் அவருக்குக் கேட்கவில்லை. தட்டுவதை நிறுத்தவும் அவரால் முடியவில்லை. பாஸ்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் தட்டினேன். சிரித்த முகத்தோடு அவர் காதருகே குனிந்து, பெயரையும் தெருவையும் இன்னொரு முறை சொன்னேன்.

"அல்லேலூயா," என்றார் அவர். டாக்டர் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.