உண்மைக்கு நானூறு கழிவு

எங்கள் கடையில் உண்மையின் விலை நானூறு. சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறேன்: ‘கறை எதனால் வந்தது என்று சரியாகச் சொன்னால் நானூறு கழிவு.’ வருகிறவர்கள் படித்துச் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டுப் பொய் சொல்வார்கள்.

காரின் வெளிர் நிற லெதர் சீட்டைச் சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. கறையின் பிறப்பு தெரிந்தால் போதும். எண்ணெய் என்றால் மாவைத் தூவி ஊறவிட வேண்டும். தண்ணீர் காட்டினால் உள்ளே குடிபோய்விடும். புது ஜீன்ஸின் நீலம் என்றால் நுரையும் மெத்தென்ற பிரஷும் போதும். பேனா மை என்றால் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும். தேய்த்தால் ஒரு புள்ளி ஒரு தேசமாகிவிடும். ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். காப்பியைக் கொட்டியவர் மழை என்பார். குழந்தை வாந்தி எடுத்ததை நாய் தலையில் போடுவார்கள். நாய் இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டு நாயைக் கடன் வாங்குவார்கள். தப்பு மருந்து போட்டால் கறை அப்படியே இருக்கும், என் ஒரு நாள்தான் போயிருக்கும். அந்த நாளின் கூலி நானூறு.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் வந்து நின்ற முதல் வண்டி என் மாமனாருடையது.

மாமாவுக்கு ஜவுளிக்கடை. வயது அறுபத்தாறு. தலைமுடி புதுக் குடைத்துணி மாதிரி இருக்கும். “எங்க வம்சத்துல நரையே கிடையாது” என்பார். அவருடைய கூடப்பிறந்த தம்பிக்குத் தலை பஞ்சு மூட்டை. இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் மாமா இதைச் சொல்வார். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. மரியாதைதான் காரணம், கல்யாணத்துக்குத் துணியெல்லாம் அவர் கடையில் அடக்க விலைக்கு வரும்.

பின்சீட்டின் வலதுபக்க ஹெட்ரெஸ்டைக் காட்டினார். கிரீம் லெதரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அதைச் சுற்றி, பளபளப்பு செத்துப்போன ஒரு வெள்ளை வட்டம்.

“இது உங்க அத்தையோட ஹேண்ட்பேக் பண்ணின வேலை, மாப்பிள்ளை.”

“பை எப்படி மாமா தலை வைக்கிற இடத்துக்கு ஏறுச்சு?”

“தூக்கிப் போட்டா ஏறாதா?”

“ஒரே இடத்துல, அஞ்சாறு தடவையா?”

“பழக்கம்.”

இதே வாக்குமூலத்தை அவர் வெள்ளிக்கிழமையே ஒரு தடவை கொடுத்திருந்தார். தம்பி குடும்பத்தோடு சாப்பிடப் போகிற வழியில், பின்சீட்டில் ஏறிய தம்பி, “என்னண்ணே இது கறுப்பா?” என்று கேட்டிருக்கிறார். மாமா யோசிக்காமல் அத்தையின் பையைக் காட்டிவிட்டார். அதோடு விட்டாரா? “லட்ச லட்சமா கொட்டி வாங்கின வண்டி, கூறில்லாம பாழாக்கிட்டா” என்று மேல்பூச்சு வேறு. அத்தை அங்கே சாப்பிட்டு முடித்தார். வீட்டுக்கு வந்து, மாற்றுத்துணி நாலையும் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு ஒரு அறை பார்த்தார். முன்பணம் புதன்கிழமை கட்டுவதாகப் பேச்சு. நாற்பத்தோரு வருஷக் குடித்தனம், ஒரு கைப்பையால் பிரியப் போகிறது. மூன்று நாளில் மாமாவின் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்திருந்தது.

“கறை போயிட்டா அவ வந்துடுவா. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க” என்றார்.

கறை போனால் அத்தை வருவார் என்று அவரிடம் யார் சொன்னது என்று தெரியவில்லை. நான் கேட்பதற்குள் அத்தையே வந்துவிட்டார், பையோடு. மாமாவைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினார்.

“இதைத் தேய்ச்சுப் பாருங்க மாப்பிள்ளை.”

கடையில் சோதனைக்கென்று ஒரு கிரீம் லெதர் துண்டு வைத்திருக்கிறேன். காய்ந்த பையை அதில் முப்பது தடவை தேய்த்தேன். ஒன்றும் இல்லை. ஈரம் காட்டி இன்னொரு முப்பது. வெள்ளைத் துணியால் பையைத் துடைத்தும் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

“எழுதிக் கொடுங்க.”

பில் புத்தகத்தில் எழுதினேன்: ‘மேற்படி கைப்பை சாயம் விடவில்லை.’ கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன். அத்தை மடித்துப் பைக்குள்ளேயே வைத்தார்.

“நீங்க யார் பக்கம் மாப்பிள்ளை?” என்றார் மாமா.

“நான் சீட் பக்கம், மாமா.”

“எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு வர்றேன்” என்றார் அத்தை, என்னைப் பார்த்து. “அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள யாருக்காவது ஞாபகம் வந்தா நல்லது. இல்லேன்னா அப்படியே முன்பணத்தைக் கட்டிட்டு வந்துடறேன். புதன்கிழமை வரைக்கும் எதுக்கு?”

மாமா கொஞ்ச நேரம் சுவர்ப் பலகையைப் படித்தார். தொழில்காரர் கண் அது. எந்த விலையும் கடைசி விலை இல்லை.

“பாதி உண்மை சொன்னா இருநூறா?”

“உங்க கடையில பாதிப் போர்வை விக்கறீங்களா மாமா?”

“சரி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளிய போகக்கூடாது. முந்நூறு கழிச்சா போதும்.”

“மொதல்ல இதைச் சொல்லுங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டீங்களா?”

“அப்படின்னா?”

“உங்க பொண்ணோட பாட்டில். நீங்க போன வாரம் வந்துட்டுப் போனதுல இருந்து காணோம். இந்த வெள்ளை வட்டம் அதுதான். கறை நிக்குது, லெதரோட வெளிப்பூச்சு கரைஞ்சுடுச்சு.”

மாமா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். “ஒண்ணுத்துக்கும் உதவாத சரக்கு அது” என்றார். பாட்டிலைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று.

பிறகு உண்மை வந்தது. மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜவுளிக்கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்துவார். உள்கண்ணாடியைப் பார்த்துத் தலைக்குச் சாயம் பூசுவார். முன்சீட்டில் இருந்தால் ஆள் தெரியும் என்று பின்சீட்டுக்கு மாறி, நாற்பது நிமிஷம் சாய்ந்துகொள்வார். சும்மா சாய்வதில்லை, தலைக்கும் லெதருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை.

“எந்தப் பை?”

“நம்ம கடைப் பைதான்.”

துணி போட்டுக் கொடுக்கும் பை. வாசல்படி தாண்டுவதற்குள் கைப்பிடி அறுந்துவிடுவது ஊருக்கே தெரியும். அதில் ஒன்றை எட்டு மாதம் வைத்திருந்திருக்கிறார்.

“அது கிழியும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?”

“வாங்குறவங்களுக்குத்தான் கிழியும்னு நெனச்சேன்.” பிறகு நிமிர்ந்து நின்றார். “ஆனா ஒண்ணு. இருபது வருஷத்துல ஒரு நாள்கூட அந்தச் சாய டப்பா என் வீட்டுப் படியேறினதில்ல.”

அத்தை சரியாக அரை மணி நேரத்தில் வந்தார்.

“சாயம்” என்றார் மாமா, தரையைப் பார்த்து.

“என்ன சாயம்?”

“தலைச் சாயம்.”

“யார் தலை?”

மாமா என்னைப் பார்த்தார். எனக்கு வழுக்கை. வேறு வழியில்லை. “என் தலைதான்.”

“தலையணை உறையெல்லாம் யார் துவைக்கிறதுன்னு நெனச்சீங்க? வாளியில கறுப்புத் தண்ணி எங்கேர்ந்து வருது?”

“தெரியும்னா ஏன் இத்தனை வருஷம் கேக்கல?”

“உங்க தலை, உங்க சாயம். நான் ஏன் கேக்கணும்? அதை என் பை மேல பூசினீங்க பாருங்க, அப்பத்தான் கேட்டேன்.” அத்தை கைப்பையை மேசைமேல் வைத்தார். “பொய்யை எங்க சொன்னீங்களோ அங்கதான் உண்மையும் போகணும்.”

மாமா தம்பிக்குப் போன் போட்டார். அத்தை ஸ்பீக்கரை அமுக்கினார். மாமா பையில் தொடங்கி, சீட் வழியாக, தலைக்கு வந்து சேர்ந்தார்.

“இதைச் சொல்லவாண்ணே கூப்பிட்டீங்க? இங்க கூட்டம் நிக்குது” என்று தம்பி வைத்துவிட்டார்.

மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகப் பூட்டி வைத்த சரக்கு. வெளியே எடுத்தால் சந்தையில் கேட்க ஆளில்லை.

அதற்குப் பிறகு வேலை சுலபம். நுரை, பஞ்சு, ஸ்பிரிட், ஒற்றல். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் நிழலாகி, நிழல் போய்விட்டது. ரிமூவர் தின்ற இடத்துக்கு மட்டும் மருந்து இல்லை, சாயம்தான். வெள்ளையில் துளி மஞ்சளும் அதைவிடத் துளி பழுப்பும் கலந்து, சீட்டோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, மூன்று பூச்சு அடித்தேன்.

“அடிச்சது வெளிய தெரியுமா?” என்றார் மாமா.

“தெரியாது. காய்ஞ்சா ஒட்டவும் ஒட்டாது.”

“எங்க வாங்குறீங்க?” என்றார், குரலைத் தாழ்த்தி.

சாயங்காலம் அத்தை முன்சீட்டில் ஏறினார், பை மடியில். ஏறுமுன் நான் எழுதிய சான்றிதழை எடுத்து, அதன் பின்பக்கத்தில் தன் கையால் எதையோ எழுதி, மாமாவிடம் கொடுக்காமல் என் கடைச் சுவரில், பலகைக்குக் கீழே ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை மாமா தன் கடையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வீட்டுக்குப் போனதாக என் மனைவி சொன்னாள். மத்தியானம் அத்தை போன் செய்து, அந்தத் தாளில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். இப்போது இப்படி இருக்கிறது:

பாழான தலையணை உறை, வருஷத்துக்கு ஆறு, இருபது வருஷம்: 120.
வரவு, கறுப்பு உறை: 1.
பாக்கி: 119.