முகக்கவசம் போட்ட வேட்பாளர்

ஜாஸ்பர் மஸ்கட்டில் சேஃப்டி ஆபீசராக இருந்துவிட்டுத் திற்பரப்புப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியவர். தேங்காய் பொறுக்கப் போகிறவனையும் ஹெல்மெட் போடச் சொல்லுவார். எனவே 2010 ஐப்பசியில், பன்றிக்காய்ச்சல் இரண்டாவது மழைக்காலமாக ஊரை மிரட்டியபோது, அது தன் தகுதிக்கேற்ற பகையாளி என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

அடுத்த மாதம் ஊர்க் கிறிஸ்தவ சபையின் செயலாளர் தேர்தல். அந்தப் பதவிக்கு அவர் முன்பும் நின்று தோற்றிருக்கிறார். இந்தத் தடவையும் தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று மனைவி பெமிலாவிடம் சொல்லியிருந்தார். எதிரே நிற்பவர் ஞானதாசன். பாடகர் குழுவில் பாடுவதைத் தவிர வேறெதற்கும் உடம்பை அசைக்காத மனிதர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வழுக்கை, ஒரே மாதிரி தடித்த கறுப்புக் கண்ணாடி.

ஜாஸ்பர் இறங்கி வேலை செய்தார். சபைக் கோவில் வாசலில் வாளியும் சோப்பும் வைத்தார். ஆராதனை முடிந்து கைகொடுப்பதை நிறுத்தி, கும்பிட வைத்தார். மார்த்தாண்டத்து டாக்டர் ஒருவரிடம் பலமுறை நடந்து, ஞாயிற்றுக்கிழமை சபை மண்டபத்தில் தடுப்பூசி முகாமுக்குச் சம்மதம் வாங்கினார்.

இத்தனையும் செய்தது யாரென்று ஊர் அறிய வேண்டாமா? ஆனால் தேர்தல் முடியும்வரை வேட்பாளர் பெயரில் எந்த விளம்பரமும் கூடாதென்று போதகர் விதி போட்டிருந்தார். பெயர்தானே கூடாது, முகம் கூடாதென்று சொல்லவில்லையே என்றார் ஜாஸ்பர். கோவில் மதிலை மறைக்கிற அளவுக்கு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு எழுந்தது. 'ஊசி போடுங்கள், முகக்கவசம் அணியுங்கள். இப்படிக்கு, சபையின் எளிய ஊழியன்.' நடுவில் அவர் படம். ஊருக்குச் சொல்பவர் தானே செய்துகாட்ட வேண்டுமல்லவா? படத்திலும் முகக்கவசம் போட்டிருந்தார்.

அண்ணாந்து பார்த்த பெமிலா, கட்டினவளுக்கே ஆள் யாரென்று பிடிகிட்டவில்லை என்றாள். முகத்தில் தெரிகிற நேர்மையை எந்தத் துணி மறைக்கும் என்று கேட்டார் ஜாஸ்பர்.

முகாம் அன்று மழை விட்டிருந்தது. ஜாஸ்பர் முகக்கவசத்தோடு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பெண்கள் சங்கத் தலைவி நேசபாய் முதலில் ஊசி போட்டுக்கொண்டாள். அவள் கைகாட்டும் பக்கம்தான் பெண்கள் ஓட்டு விழும். கையைத் தேய்த்துக்கொண்டே வந்தவள், ஜாஸ்பரைத் தாண்டிப்போய், கடைசிப் பெஞ்சில் இருந்த ஞானதாசனிடம் நின்று, போர்டு வைத்து ஊசியும் கொண்டுவந்ததற்கு நன்றி சொன்னாள். ஞானதாசன் பதறிப்போய், அது நானில்லை, ஜாஸ்பர்தான் என்றார். உண்மையைத்தான் சொன்னார். செய்துவிட்டுப் பெயரை அடுத்தவனுக்குக் கொடுக்கிறானே என்று நேசபாய்க்குக் கண் கலங்கியது.

இனிப் பொறுக்க முடியாது. ஜாஸ்பர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அக்கா, நல்லா பாருங்க. போர்டுல இருக்கியது நான்தான்."

"எல்லாரும் நான்தான் நான்தான்னு சொன்னா எப்பிடி மக்கா? ஞானதாசன பாரு, செஞ்சிட்டும் நான் இல்லங்கான்" என்றாள் நேசபாய். "மொதல்ல அத மேல ஏத்து. பிள்ளைகள் நிக்கிய இடம்."

போதகருக்கு எல்லாம் தெரியும். விதியைப் போட்டவரே அவர் என்பதால் வேட்பாளர் பெயரைச் சொல்ல முடியாமல் மழைமேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஜாஸ்பரையே பார்த்தார்கள். அவர் முகக்கவசத்தை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு, வந்த வழியே போனார்.

அந்த மழைக்காலத்தில் சபையில் ஒருவரும் காய்ச்சலில் படுக்கவில்லை. எல்லோரும் தெம்பாக வந்து ஓட்டுப்போட்டார்கள். ஞானதாசன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஜாஸ்பர் பெமிலாவிடம், நீயாவது யாருக்குப் போட்டாய் என்று கேட்டார்.

"ஊசிக்கு அலைஞ்ச ஆளுக்குத்தான். எனக்குத் தெரியாதா?" என்றாள். "ராத்திரி காலு வலிக்குன்னு தைலம் தேச்சுவிட்டது நான்லா."

அடுத்த ஞாயிறு புதிய செயலாளர் பதவியேற்றார். முகாம் நடத்தியது சத்தியமாக நானில்லை, ஜாஸ்பர் அண்ணன்தான் என்று ஞானதாசன் மைக்கில் சொன்னார். ஜெயித்த பிறகும் இத்தனை தாழ்மையா என்று சபை நெகிழ்ந்து கைதட்டியது. பெமிலா முழங்கையால் இடிக்கவும், ஜாஸ்பரும் தட்டினார்.