பஞ்சநாதன் என்கிற பஸ்

பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பக்கத்து பஸ்களெல்லாம் கரியில் ஓடிய யுத்த காலம். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு கரி அடுப்பு. அதில் எழும் புகைதான் குழாய் வழியாகப் போய் எஞ்சினை ஓட்டும். அடுப்பு முதல் எஞ்சின் வரை முழுசாகப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் வேண்டுமென்று அரியலூர் பஸ் முதலாளி பஞ்சநாதன் சொல்லி அனுப்பியிருந்தார். நான் இரண்டு வருஷமாக வேறொருவர் பஸ்ஸில் அடுப்பு கனியக் கையால் காற்றாடி சுற்றியவன். வலது கை மட்டும் பயில்வான் கை ஆகிவிட்டது. இந்த வேலை கிடைக்காவிட்டால் சாகும்வரை சுற்ற வேண்டியதுதான்.

பஸ்கள் சும்மா நிற்கும் நாளென்று ஆயுத பூஜையன்றே வரச் சொல்லியிருந்தார் அந்தப் புத்திசாலி. போய்ப் பார்த்தால் ஸ்பானர், சுத்தியல், சாம்பல் கிளறும் கம்பி எல்லாம் சந்தனப் பொட்டோடு வாழையிலையில் கிடக்கின்றன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. பஸ்ஸுக்கும் மாலை போட்டாயிற்று.

"அதனால என்ன," என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார் முதலாளி. "நான்தான் பஸ்ஸு. கிளம்ப மாட்டேங்குறேன். என்ன கோளாறுன்னு கேட்டுக் கண்டுபிடிங்க."

என்னைப்போலவே வேலை கேட்டு வந்திருந்த கிருஷ்ணமூர்த்தி திருச்சியில் படித்து சர்டிபிகேட் வாங்கியவர். அவர்தான் முதலில் கேட்டார்.

"கம்ப்ரெஷன் சரியா இருக்கா சார்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் பஸ்ஸு."

கிருஷ்ணமூர்த்தி சளைக்கவில்லை. முதலாளியின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வால்வு தட்டுது சார்," என்றார்.

"அது சளி," என்றது பஸ்.

அடுத்து நான்.

"கரி போட்டாச்சுங்களா?"

"ஆச்சு. நல்லா காய்ஞ்ச கரி."

"நேத்து ஓடினப்புறம் சாம்பலைக் கிளறித் தள்ளினாங்களா?"

"இல்ல. பூஜைக்குத் தேய்க்கணும்னு கம்பியை எடுத்துட்டாங்க."

"இப்பக் கிளறலாமா?"

முதலாளி வாழையிலையைப் பார்த்தார். "கம்பி பூஜையில இருக்கே."

"அப்ப இன்னிக்கு உங்களை யாராலயும் கிளப்ப முடியாதுங்க. அடியில சாம்பல் அடைச்சிருக்கு, காத்துப் போகாது. நாளைக்குத்தான் ஓடுவீங்க."

"பெரம்பலூர் போக இருபது பேரு ஏறி உக்காந்திருக்காங்களே."

"இறக்கி விட்டுருங்க."

கிருஷ்ணமூர்த்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கெட்டது காரியம். மெக்கானிக் வேலை கேட்டு வந்தவன் முடியாது என்று சொல்லலாமா? என் வாய்தான் எனக்குச் சத்துரு.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"இதுவரைக்கும் எங்கிட்ட இருந்தவனெல்லாம், இந்தா ஓடிடும் முதலாளின்னு கிளப்பிட்டுப் போவான். கல்லங்குறிச்சி தாண்டறதுக்குள்ள நின்னுடும். டிக்கெட் வாங்கினவங்களே இறங்கித் தள்ளுவாங்க. முடியாததை முடியாதுன்னு சொல்ல உனக்குத்தான் வாய் வந்திருக்கு. நாளைக்கு வேலைக்கு வந்துரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தேன்.

"எந்திரிப்பா," என்றார் முதலாளி. "பஸ்ஸு முன்னாடி போயி யாராவது விழுவாங்களா?"