பரிமளம் கழுவிய தெரு

என் கணவர் அழகமுத்து கட்டுகஸ்தோட்டையில், எங்கள் மளிகைக் கடைக்கு முன்னாலேயே லொறி மோதி இறந்தார். கண்டியிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் தெருவைக் கடந்துகொண்டிருந்தோம். எனக்குக் கால் முறிந்தது. யாரோ எங்களை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அதன்பிறகு அவருடைய தங்கை பரிமளம் கடையிலிருந்து மஞ்சள்தூளை அள்ளி வாளித் தண்ணீரில் கரைத்தாள். செத்தவரின் இரத்தத்தை ஆள் மிதிக்கக்கூடாது, சக்கரம் ஏறக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். முதல்நாள் மழையில் மேட்டிலிருந்து வழிந்த செம்மண் தார்மேல் படிந்திருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களும் குடங்களோடு வந்து, கடைத்தெரு நெடுக அதையும் சேர்த்தே தேய்த்துக் கழுவிவிட்டார்கள். பொலிஸ் வந்தபோது தெரு கோயில் வாசல் மாதிரி இருந்தது.

லொறிச் சாரதி ராஜலிங்கத்தின் மேல் வழக்கு வந்தது. பிரேக் பிடித்த தடமே இல்லை, அவன் நிறுத்தப் பார்க்கவேயில்லை என்றார் பொலிஸ் சார்ஜன். பிரேக் போட்டேன் என்று எதிரிக்கூண்டில் நின்று அவன் அழுததை யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

மதிய இடைவேளையில் பரிமளம் எங்கள் சட்டத்தரணி பொன்னுத்துரையிடம் போனாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐயா, அந்தச் செம்மண்ணுல பிரேக் தடம் இருந்திச்சு. நாங்கதான் கழுவிட்டோம்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "இதை ஆரும் உங்களிட்டக் கேட்டவையோ? லொறி இடிச்சதைக் கண்டனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. இதைச் சொன்னால் அவன் தப்பிப் போடுவான்."

"கேக்காட்டி நடக்காததா ஆயிருமா?"

எனக்குக் கோபம் வந்தது. "வாய மூடிக்கிட்டுச் சும்மா இரு புள்ள. செத்தது ஒங்க அண்ணன்."

"அதனாலதான் மதினி சொல்றேன். அந்தாளு பிரேக் போட்டான். போட்டும் அண்ணன் செத்தாரு. போடலைன்னு சொல்லி உள்ள தள்ளுனா, நாம தள்ளுறது வேற ஒருத்தன."

"நீர் சட்டம் படிச்சிருந்தால் என்ர பிழைப்புப் போயிருக்கும்" என்றார் பொன்னுத்துரை.

"படிச்சிருந்தா நானும் ஐயா மாதிரி மறைக்கத்தான் சொல்லியிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்க்கவில்லை.

பிற்பகல் அவள் சாட்சிக் கூண்டில் ஏறி, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். எதிரியான ராஜலிங்கத்தின் சட்டத்தரணி முகம் மலர எழுந்தார். வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் கொதித்துப்போய், சாட்சியத்தை அழித்தாயா என்று கேட்டார்.

"எங்கண்ணன் ரத்தத்த நாய் நக்கட்டும்னு ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

அதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டிய மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். சொன்னபடியே சொல்லும்படி நீதவான் பணித்தார். பிறகு, தடம் எங்கே தொடங்கியது என்று அவரே பரிமளத்தைக் கேட்டார்.

"பாரூக் நானா புடவைக் கட வாசல்ல தொடங்கி எங்க கட வாசல் வரைக்கும் இழுத்திருந்திச்சு. ரெண்டுக்கும் நடுவுல நாலு கட இருக்குங்க."

எதிரியின் சட்டத்தரணி மெல்ல உட்கார்ந்தார். அவ்வளவு தூரம் இழுபட வேண்டுமானால் லொறி என்ன வேகத்தில் வந்திருக்கும் என்பது எனக்கே விளங்கியது. வழக்கு மறுபடி எடுக்கப்பட்ட அடுத்த தவணையில் பாரூக்கும் வந்து அவள் சொன்னது சரி என்றார். தூரத்தை அளந்து வரச் செய்தார்கள்.

ராஜலிங்கம் குற்றவாளி என்றுதான் தீர்ப்பு வந்தது. மழை மண் படிந்த கடைத்தெருவில், நின்ற பஸ்ஸைத் தாண்டி அந்த வேகத்தில் வந்தது குற்றம். நிறுத்த முயன்றான் என்பதால் நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறைக்காலம் குறைந்தது. அன்று அது எனக்குப் போதவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு பொய்யும் இல்லை. அதற்குக் காரணம் பரிமளம். அவளைப்போல நேரான ஒருத்தியை நான் பிறகு கண்டதில்லை.

வெளியே ராஜலிங்கத்தின் மனைவி நல்லம்மா எங்கள் முன்னால் வந்து கைகூப்பினாள்.

"என்னைக் கும்புடாதம்மா" என்றாள் பரிமளம். "ஒன் புருசனுக்காக நான் பேசல."

நல்லம்மா கையை இறக்காமலே நின்றாள். பரிமளம், "சாப்புட்டியா?" என்று கேட்டாள்.